யார் பெயருக்கு அர்ச்சனை?

எங்கள் வீட்டில் அர்ச்சனை என்றால் பெருமாள் பெயருக்குத்தான். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் தட்டை நீட்டி, "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்போம். நமக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்கும் அதே பழக்கம். அந்தப் பழக்கம் ஒரு நாள் கம்ப்யூட்டர் பரீட்சையில் என் காலை வாரிவிடப் பார்த்தது.

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மகள் காலேஜ் சேர்ந்த வருஷம் நானும் அஞ்சல் வழியில் பி.சி.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறித் திருச்சிக்கு வகுப்புக்குப் போவேன். மற்ற பேப்பரெல்லாம் தேறிவிட்டன. 'ஊப்ஸ்' என்கிற புரோகிராம் எழுதும் பாடத்தின் செய்முறைத் தேர்வில் மட்டும் ஒரு தடவை தவறிவிட்டேன். அது தேறினால்தான் பட்டம்.

"பெருமாளுக்கே புரியாத பாடம் போலிருக்கே" என்பார் என் வீட்டுக்காரர்.

"அவருக்குப் புரியும். உங்களுக்குத்தான் புரியாது, போங்க."

உண்மையில் எனக்கும்தான் புரியவில்லை. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று புத்தகம் காரையும் பேங்கையும் உதாரணம் காட்டியது. மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நாள் சன்னதி வரிசையில் நிற்கும்போது சட்டென்று பிடிபட்டது. அர்ச்சனை என்றால் பெயர், நட்சத்திரம், பிறகு நாமாவளி என்று ஒரு முறை இருக்கிறதே, அதுதான் கிளாஸ். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் நடக்கிற அர்ச்சனை ஓர் ஆப்ஜெக்ட். பிரசாதத்தோடு வீட்டுக்கு ஓடிவந்து எழுதிப் பார்த்தேன். எல்லோருக்கும் பொதுவானதற்கு 'ஸ்டேடிக்' என்று போடச் சொல்லியிருந்தார் வகுப்பு மேடம்; போட்டால் எத்தனை ஆப்ஜெக்ட் வந்தாலும் அதற்கு ஒரே இடம்தான். பெயர் எப்போதும் பெருமாள் பெயர்தானே? பெயருக்கு ஸ்டேடிக் போட்டேன். அழகாக ஓடியது. அதையே திரும்பத் திரும்ப அடித்துப் பழகினேன்.

தேர்வு நாளன்று, சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி வெவ்வேறு விவரத்தோடு மூன்று ஆப்ஜெக்ட் காட்டச் சொல்லிக் கேள்வி. அர்ச்சனையையே எழுதினேன். என் வீட்டுக்காரர், மகள், நான் என்று மூன்று பெயரும் நட்சத்திரமும் கொடுத்து ஓட்டினேன். நட்சத்திரங்கள் சரியாக வந்தன. பெயர் மட்டும் மூன்றிலும் கடைசியாகக் கொடுத்த என் பெயரே!

"அம்மா, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றார் தேர்வு எடுக்க வந்தவர்.

கண்ணை மூடிப் பெருமாளை நினைத்தேன். ஞாபகம் வந்ததோ வேறு. என் வீட்டுக்காரரை நெஞ்சுவலி என்று தில்லை நகர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, சன்னதியில் போய் நின்றேன். "பெருமாள் பேருக்குத்தானே?" என்றார் அர்ச்சகர். "இல்லை சுவாமி, அவர் பேரைச் சொல்லுங்க, அவர் நட்சத்திரத்தைச் சொல்லுங்க" என்று அழுதேன். அன்றைக்குப் பொதுப்பெயர் எனக்குப் போதவில்லை.

பெயருக்கு முன்னால் இருந்த ஸ்டேடிக்கை அழித்தேன். ஓட்டினேன். மூன்று பேரும் அவரவர் பெயரோடு வந்து நின்றார்கள்.

"ஸ்டேடிக்கை முதல்ல போட்டுட்டு, அப்புறம் ஏம்மா எடுத்தீங்க?" என்றார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேர்வாளர்.

"பேருக்கு ஒரே இடம்னா கடைசியா வந்தவங்க பேர்தான் சார் நிக்கும். ஒவ்வொருத்தர் அர்ச்சனைக்கும் அவங்கவங்க பேர் வேணுமில்ல?"

அவர் சிரித்துவிட்டார். "புக்குல இப்படிப் போட்டிருந்தா எங்க பசங்களுக்கும் புரிஞ்சிருக்கும்."

ரிசல்ட் வந்த அன்று, "பட்டதாரியம்மா, காபி கிடைக்குமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார் என் வீட்டுக்காரர். சாயங்காலம் இருவரும் சன்னதிக்குப் போனோம். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "பெருமாள் பேருக்குத்தானே?" என்றார்.

"இன்னிக்கு என் பேருக்கு, சுவாமி."

பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகவே சொன்னேன்.