கூறைப் புடவைக்கு வராத பணம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தி.நகரில் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் சின்னதாகப் பட்டுப் புடவைக் கடை வைத்திருந்தேன். பெரிய கடைகளுக்கு நடுவே நம் படியையும் நாலு பேர் ஏறட்டுமே என்று, கிரெடிட் கார்டு வாங்கும் வசதியை அப்போதுதான் ஏற்படுத்தியிருந்தேன். கார்டின் மேல் சீட்டை வைத்து 'சரக்'கென்று இழுக்கும் இரும்பு மெஷின். குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மட்டும் கார்டு கம்பெனிக்கு போன் செய்து அனுமதி எண் வாங்க வேண்டும். அந்த லைன் கிடைப்பதற்குள் வாடிக்கையாளர் இரண்டு காபி குடித்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மயிலாப்பூரிலிருந்து கல்யாணப் பெண், அவள் அம்மா, பம்பாயிலிருந்து வந்திருந்த தாய்மாமா மூவரும் வந்தார்கள். கார்டு மாமாவுடையது. பத்தரைக்கு ராகு காலம்.

"கூறைப் புடவைக்கு மட்டும் மொதல்ல பில் போட்டுடுங்கோ. மத்ததை நிதானமா பாத்துக்கறோம்" என்றார் அம்மா.

போட்டேன். மற்ற புடவைகளை எடுத்து முடிக்க மதியமாகிவிட்டது. அதற்கு இன்னொரு சீட்டு. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே வரம்புக்குள், சேர்த்தால் தாண்டும். போன் செய்யும் வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து கம்பெனியிலிருந்து கடிதம். அனுமதி வாங்காமல் இருக்க ஒரே விற்பனையை இரண்டாக உடைத்ததாகச் சந்தேகமாம். விசாரணை முடியும்வரை என் கடைக்கு வர வேண்டிய கார்டுப் பணம் முழுவதும் நிறுத்தி வைப்பு. இந்த இரண்டு சீட்டு மட்டுமல்ல, அந்த மாதத்துச் சீட்டு எல்லாமே! காஞ்சிபுரத்திலிருந்து கடனுக்குச் சரக்கு கொடுத்தவர், அடுத்த திங்கட்கிழமைக்குள் பணம் வராவிட்டால் இருக்கும் புடவைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எடுத்தால் அலமாரி மட்டும்தான் மிஞ்சும், கடை இருக்காது.

மூன்று நாள் கம்பெனி அலுவலகத்துக்கு அலைந்தேன். வியாழக்கிழமைதான் ஒரு பெண் அதிகாரி உட்கார வைத்துப் பேசினார்.

"ஒரே நாள், ஒரே கார்டு, அடுத்தடுத்த சீட்டு நம்பர். ஏம்மா ரெண்டா போட்டீங்க?"

"ராகு காலம் மேடம்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெண்டு தடவை தனித்தனியாக வாங்கியதாகக் கார்டுக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் அதிகாரி.

அங்கேதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கல்யாண வீட்டுக்குப் போய், அதுவும் கூறைப் புடவையை வைத்துப் பஞ்சாயத்தா? நல்ல காரியம் நடக்கும் இடத்தில் வந்து மூக்கைச் சிந்துகிறாளே என்று சபித்துவிட்டால்? யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஒரு தட்டில் பழம், மஞ்சள், குங்குமம் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். பத்தரைக்கு முன்பே போய்ச் சேரச் சொன்னேன். ஒரு முறை பட்டது போதாதா!

"இன்னாம்மா, கல்யாண வூட்டுக்குன்னு சொல்றே, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றார் ஆட்டோக்காரர்.

வாசலில் பந்தல், உள்ளே பட்சண வாசனை. அரை மணி உட்கார்ந்தேன். காபி குடித்தேன். சீர்வரிசையைப் பார்த்து, "பிரமாதம்" என்றேன். வந்த விஷயத்தை மட்டும் எடுக்கவே இல்லை. ஓயாமல் பேசும் எனக்கா இந்தக் கதி! எழுந்து கிளம்பிவிட்டேன். வாசல் வரை வந்த பெண்ணின் அம்மா, "என்னமோ சொல்ல வந்துட்டு சொல்லாமப் போறேளே" என்றார். உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் முகம் மாறியது. போச்சு, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"காசு போய்ச் சேராத புடவையைக் கட்டிண்டா என் பொண்ணு மணையில உக்காரணும்? இதைச் சொல்லாமப் போகப் பாத்தேளே, அதுதான் அபசகுனம்!" என்றவர், உள்ளே திரும்பித் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், பந்தல்காரனை அப்புறம் பாத்துக்கலாம். இவாளோட உடனே கிளம்பு."

மாமா வந்தார். அதிகாரி முன்னால் உட்கார்ந்து, ராகு காலம் உட்பட நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையையும் அதனுடன் இணைத்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "ஒண்ணாவே எடுத்திருந்தா போன் பண்ணியிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"பண்ணியிருப்பேன் மேடம். ஆனா பண்ண வேண்டாம்னு அன்னிக்கு சந்தோஷப்பட்டேன்."

முதன்முறையாகச் சிரித்தார். ஆனாலும் மேலதிகாரி கையெழுத்துக்காகச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "நீங்க போங்க சார், கல்யாண வேலை கெட்டுப்போகும்" என்று கெஞ்சினேன். "செக்கைப் பாக்காமப் போனா அக்கா என்னை ஆத்துக்குள்ள விடமாட்டா" என்று நகர மறுத்துவிட்டார். செக் என் கைக்கு வந்தபோது மணி ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். பெண் கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூட்டத்துக்கு நடுவே அவள் அம்மா என்னைக் கண்டுபிடித்து, புருவத்தை உயர்த்தி, 'வந்துடுத்தோல்லியோ?' என்று கண்ணாலேயே கேட்டார். தம்பி சொல்லியிருப்பார், இருந்தாலும் என்னிடமும் கேட்டார். தலையாட்டினேன். அதன் பிறகுதான் அட்சதையைக் கையில் எடுத்தார்.

இன்றும் கூறைப் புடவைக்குப் பில் போடும்போதெல்லாம், கேட்கக் கூடாத இடம் என்று நானாக முடிவு செய்து திரும்பிப் போகப் பார்த்த அந்தப் பந்தல் வாசல் நினைவுக்கு வந்து, மனிதர்களை அவ்வளவு மலிவாக எடை போட்டதற்காக வெட்கப்படுகிறேன்.