மாட்டு வேலை கேட்டேன், நாய்க்குட்டிகளைக் கொடுத்தார்

பண்ணையை மூடப்போகிறோம் என்று முதலாளி வந்து சொன்னபோது நான் ஒரு கன்றுக்குட்டியை வாளியில் பால் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். பிறந்து நாலு நாள் ஆன கிடேரி. என் இரண்டு விரல் அதன் வாய்க்குள் இருந்தது. காம்பு என்று நினைத்து விரலைச் சப்பும். அப்படியே கையை வாளிக்குள் இறக்கினால் பாலையும் சேர்த்து உறிஞ்சும். நாலைந்து தடவையில் பழகிவிடும். அன்று அது குடித்து முடிக்கிற வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"எஸ்தரு, காதுல விழுந்துச்சா?" என்றார் முதலாளி.

"விழுந்துச்சுங்க ஐயா."

"புள்ளைங்க வெளிநாட்டுல கீதுங்க. எனக்கும் முட்டி போயிடுச்சி. நான் இன்னாதான் பண்றது, நீயே சொல்லு."

அவர் மேல் குற்றம் இல்லை. நல்ல மனிதர். அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

என் பெயர் எஸ்தர். கோலியனூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். ஒரே மகள், ஜெனி. சபையில் நான் கடைசிப் பாயில் உட்காருகிறவள். கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல யாராவது எழுந்திருங்கள் என்று போதகர் ஐயா கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். வாயால் சொல்ல வராது என்பதால்தான் எழுதிக் கொடுக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் போகிற வழியில் அந்தப் பண்ணை இருந்தது. பதினான்கு வருஷம் அங்கே கன்றுகளைப் பார்த்துக்கொண்டேன். கறவை, தீவனம் எல்லாவற்றுக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். கன்று பிறந்து விழுந்த நிமிஷத்திலிருந்து அது என் பொறுப்பு. மூக்கில் அடைத்திருக்கும் கோழையை வழித்துவிட்டு, வைக்கோலால் உடம்பைத் தேய்த்து, தொப்புள் கொடியில் மருந்து தடவி, சீம்பால் கொடுப்பேன். எழுந்து நிற்கப் பார்த்துக் கீழே விழும். மறுபடியும் எழும். எத்தனை கன்று பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்குப் பழசானதே இல்லை.

காலையில் கேட்டைத் திறக்கும்போது என் செருப்புச் சத்தம் கேட்டே எல்லாம் கத்த ஆரம்பிக்கும். என்னிடம் இருந்த வேலைக்குக் கட்டும் புடவை அத்தனையிலும் முந்தானை ஓரம் சப்பிச் சப்பி நைந்து போயிருக்கும். எல்லாக் கன்றுக்கும் பெயர் வைப்போம். நிறுத்தாமல் நீளமாகக் கத்துகிற காளைக்கன்று ஒன்று இருந்தது. அதற்குப் 'போதகர்' என்று பெயர். ஐயா மன்னிக்க வேண்டும். பாசத்தில் வைத்ததுதான்.

மாடுகளை ஏற்றிப் போக லாரி வந்த அன்றைக்கு நான் போயிருக்கக் கூடாது. போனேன். கன்றுகளை ஒவ்வொன்றாகப் பலகை மேல் நடத்தி ஏற்றிவிட்டது நான்தான். வேறு யார் இழுத்தாலும் வரவில்லை. என்னை நம்பி ஏறின. அதை நினைத்து எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன் என்று ஜெனிக்குத் தெரியும்.

அதன் பிறகு வேலை தேடி அலைந்தது ஏறக்குறைய இரண்டு வருஷம். விழுப்புரத்தில் ஒரு மாட்டு டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார். நான் எட்டாவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் "போஸ்ட் எதுவும் இல்லம்மா" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். திண்டிவனம் தாண்டி ஒரு பெரிய பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கி, வெயிலில் நடந்தே போனேன். அங்கே எல்லாவற்றுக்கும் மிஷின் வந்திருந்தது. கன்றுகளைப் பார்க்க, பண்ணையிலேயே தங்குகிற ஒரு குடும்பத்தை வைத்திருந்தார்கள். தூரத்தில் கன்றுகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், பசி நேரம். திரும்பி ஸ்டேஷனுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

இடையில் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கப் போனேன். துணிக்கடையில் புடவை மடித்து வைத்தேன். அந்த வேலைகளை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையை மோந்து பார்ப்பேன். ஒரு வாசனையும் இருக்காது. நான் எங்கேயோ தொலைந்து போன மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரே விண்ணப்பம்தான் வைப்பேன். "ஆண்டவரே, எனக்கு மாட்டு வேலையைத் திருப்பிக் கொடும்." அக்காமார்கள் எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கேட்கிற அவருடைய காது எனக்கு மட்டும் அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஜெபத்துக்குப் போவதையும் குறைத்தேன்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வருஷத்தின் நடுவில் எனக்குப் பதில் வந்தது. நான்தான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

நம் சபை மேரி அக்கா திண்டிவனத்தில் ஒரு நாய்கள் காப்பகத்தில் சமையல் வேலை செய்கிறார். ரோட்டில் அடிபட்டு வருகிற நாய்களுக்கு அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள். ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"எஸ்தரு, எங்க டாக்டரம்மா ஆள் தேடிக்கினு கிறாங்க. சர்டிபிகேட்லாம் கேக்க மாட்டாங்க. வர்றியா?"

"நாய் வேலையாக்கா? நான் மாட்டு வேலைன்னுதானே ஜெபம் பண்ணிக்கினு கீறேன்."

"அதுவும் ஜீவன்தானே?"

"வேணாங்க்கா. எனக்கு நாய் ஆவாது."

அதற்கு மேல் அக்கா கேட்கவில்லை. நாய் ஏன் ஆகாது என்று நானும் சொல்லவில்லை. அதுவரைக்கும் எங்கள் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பண்ணையில் ஒரு ஐப்பசி மாத மழையில், சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கன்றுக் கொட்டகைக் கதவுக்குக் கொக்கி போடாமல் வந்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் தெருநாய்கள் உள்ளே புகுந்திருந்தன. பிறந்து இரண்டு வாரமான கன்று. அதற்கு மேல் எழுத முடியவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "போவட்டும் எஸ்தரு. இனிமே கொக்கியப் பாத்துப் போடு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அன்றிலிருந்து தெருவில் நாயைப் பார்த்தால் என் கை தானாகக் கல்லைத் தேடும்.

மேரி அக்கா கேட்டு எட்டு மாசம் ஓடிவிட்டது. ஜெனி பிளஸ் டூ முடித்தாள். கல்லூரியில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது. திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு ஆள் கூட்டிப் போகிற ஏஜெண்ட் எங்கள் தெருவுக்கு வந்தார். அங்கேயே தங்க வேண்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வரலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் வேன். பை கட்டி மூலையில் வைத்தாயிற்று. ஜெனி அந்தப் பையைப் பார்க்காமலே வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு தடவை ஆராதனைக்குப் போய்விட்டு வருவோம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் முழங்காலில் நின்றேன். வேலை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது. "ஆண்டவரே, கொக்கி போடாதது நான்தான். நாய் மேல கோவப்பட்டுக்கினு இத்தனை வருசம் ஓட்டிட்டேன். தப்பு என்னோடது." இதுதான் நான் செய்த ஜெபம். ஒரு வார்த்தை கூட வேலையைப் பற்றி இல்லை. சத்தம் போடாமல் நிறைய நேரம் அழுதேன். எழுந்தபோது முழங்கால் மரத்துப் போயிருந்தது. மனசு லேசாக இருந்தது. திருப்பூர் போவதற்கும் தயாராகத்தான் எழுந்தேன்.

வெளியே வந்தால் மேரி அக்கா செருப்பைத் தேடிக்கொண்டு பதற்றமாக நிற்கிறார்.

"எஸ்தரு, ஜல்தியா கிளம்பணும். ஹைவேல ஒரு தாய் நாயை லாரி அடிச்சிடுச்சாம். குட்டிங்க அஞ்சும் அனாதையா வந்துகீது. கூட வேலை செய்ற பொண்ணு லீவு. டாக்டரம்மா ஆபரேஷன்ல கிறாங்க. நான் ஒருத்தி இன்னா பண்ணுவேன்? இன்னைக்கு ஒரு நாளு கூட வாயேன்."

எட்டு மாசத்துக்கு முன்னால் என்றால் முடியாது என்றிருப்பேன். அன்று "வாங்கக்கா" என்று என் வாய் சொன்னது. விழுப்புரம் வந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

காப்பகத்துக்குள் நுழைந்ததும் நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. எனக்குக் கால் பின்வாங்கியது. அக்காவின் முதுகை ஒட்டிக்கொண்டே போனேன். ஓர் அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகள். கண் அப்போதுதான் திறந்திருந்தது. மழையில் நனைந்து கிடந்திருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, கத்தக்கூடத் தெம்பு இல்லை. அக்கா அவசரமாகப் பாட்டிலில் பாலை ஊற்றிக்கொண்டு வந்தார்.

நான் ஒரு குட்டியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. தொட்ட அந்த நிமிஷத்தில் அது நாய் என்பது எனக்கு மறந்துவிட்டது.

"அக்கா, பால் குடுக்காதீங்க. உடம்பு சில்லுன்னு கீது. முதல்ல சூடு ஏத்தணும். சில்லுன்னு கீற வயித்துல பால் போச்சின்னா தங்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மழையில விழுந்த கன்னுக்கு இப்படித்தான் பண்ணுவோம்."

பழைய துணியும் சாக்கும் கேட்டேன். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றி நடுவில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என் மடியில்தான் வைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து ஒன்று முனகியது. அதன் பிறகுதான் பால். அந்தச் சின்ன ரப்பர்க் காம்பை அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை. சுண்டுவிரல் நுனியைப் பாலில் நனைத்து வாயில் வைத்தேன். மெதுவாகச் சப்பியது. விரல் இருந்த இடத்தில் காம்பை நழுவவிட்டேன். இழுத்துக் குடித்தது.

எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு ஜீவன் என் கையில் பால் குடிக்கிறது. கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. டாக்டரம்மா வந்து நின்றது கூடத் தெரியவில்லை. சின்ன வயசுப் பெண், ஜெனியை விட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும்.

"அக்கா, இதுக்கு முன்னாடி எங்க வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"மாட்டுப் பண்ணையிலங்க. கன்னு பாத்துக்கினேன். அது இப்ப இல்லைங்க."

"நாளையில இருந்து இங்க வர்றீங்களா?"

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அவரிடம் ஒளிக்க மனசு வரவில்லை. "எனக்கு நாய்ன்னா பயம்ங்க. கோவமும் உண்டு. ஒருவாட்டி என் கவனக்குறைவால ஒரு கன்னு போயிடுச்சி" என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபத்தில் சொன்ன அதே நாளில், முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் என் மடியில் இருந்த குட்டியைப் பார்த்தார்.

"பயப்படறவங்கதாங்க்கா ஜாக்கிரதையா இருப்பாங்க. காலையில பத்து மணிக்குள்ள வந்துடுங்க" என்றார்.

திங்கட்கிழமை வேன் நான் இல்லாமல் போனது. ஏஜெண்டிடம் ஞாயிறு சாயங்காலமே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஜெனி என் பையை அவிழ்த்து, புடவைகளை ஒவ்வொன்றாக மறுபடியும் கொடியில் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்து குட்டியில் இரண்டை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சாட்சி என்றால் நல்லதை மட்டும் சொல்வது என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது குட்டி போன அன்று, நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டு டாக்டரம்மா எதிரில் நின்றேன். "இல்லக்கா. கையக் கழுவிட்டு அடுத்ததுக்குப் பால் குடுங்க" என்றார். மற்ற மூன்றும் பிழைத்துக்கொண்டன. மூன்றும் திண்டிவனத்திலேயே நல்ல வீடுகளில் வளர்கின்றன.

எங்கள் தெருவில் சிரித்தார்கள். "கடைசியில நாய்ப் பொழப்பா ஆயிடுச்சா எஸ்தரு?" என்று என் நாத்தனாரே கேட்டார். "ஆமாண்ணி, நல்ல பொழப்பு" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. காலையில் மேரி அக்காவும் நானும் பாசஞ்சரில் போகிறோம். ஜெனி விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். பண்ணை இருந்த இடம் இப்போது வீட்டுமனை பிளாட். பஸ் அந்தப் பக்கம் போகும்போது நான் இன்னும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நம்பர் எழுதின கற்களுக்கு நடுவில் கொட்டகை எங்கே இருந்தது, தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். ஏக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை. அந்தப் பதினான்கு வருஷமும் கர்த்தர் கொடுத்ததுதானே.

அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. எந்த ஜீவனை நான் வெறுத்தேனோ, அதை என் மடியிலேயே கொண்டுவந்து வைத்தார். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னவளிடம் கோபித்துக்கொள்ளாமல் மறுபடியும் வந்து கேட்டார்.

நம் சபையில் வேலை இல்லாமல் இருக்கிறவர்கள் சிலர் உண்டு என்று எனக்குத் தெரியும். வயசு கேட்டு, படிப்பு கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி அழுகிறவர்களும் உண்டு. கேட்கிறதை விட்டுவிடாதீர்கள். வந்த பதில் வேறு முகத்தில் வந்திருந்தால் கதவைச் சாத்தும் முன் ஒரு தரம் பாருங்கள். எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது, வசனம் எடுத்துப் பேசவும் வராது. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. வீட்டுக்கு வாருங்கள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, உங்கள் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறேன்.