கேப் வெர்டே ஆடிய அன்று அர்மிந்தோவின் இடது கை

1. ஆஃப்சைடு

டயாலிசிஸ் யூனிட்டில் அலாரம் அடிப்பது பெரிய விஷயமில்லை. பேஷண்ட் தும்மினாலே மெஷின் கத்தும். ஆனால் அந்தப் புதன்கிழமை அது கத்திய கத்தலில், கையிலிருந்த காபியைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஓடினேன்.

எங்கள் பேஷண்ட் அர்மிந்தோ இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார். இடது கையில் இருந்த ஊசிகளில் ஒன்று பாதி வெளியே வந்து, சட்டையெல்லாம் ரத்தம். மனிதர் முகத்திலோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிப்பு.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு ஊசி வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகிறது, சுத்தமாகி இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. நாலு மணி நேரமும் அந்தக் கை அசையக் கூடாது. திரும்பி வருகிற ஊசி நழுவி யாரும் கவனிக்காவிட்டால் ஆளே போய்விடுவார். அதனால்தான் எங்கள் டெக்னீஷியன் இமானுவேல் எனக்கு முன்னாலேயே ஓடிவந்து, பம்பை நிறுத்தி, துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அர்மிந்தோ தன் ஃபோனில் கேப் வெர்டே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் கிடக்கும் சின்னத் தீவு நாடு அது, அவர் பிறந்த இடம். நியூ ஜெர்சிக்கு வந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அன்று லிபியாவோடு மூன்றுக்கு மூன்று என்று நிற்கையில் கடைசி நேரத்தில் இவர்கள் பந்தை வலைக்குள் அடித்துவிட்டார்கள். அது மட்டும் செல்லுபடியாகியிருந்தால் அந்த நாட்டுக்கு முதல் உலகக் கோப்பை. நடுவர் ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று சொல்லிவிட்டார். கோலும் போச்சு, ரத்தமும் போச்சு.

"நல்லவேளை, ஆஃப்சைடு" என்றார் இமானுவேல், அழுத்திய கையை எடுக்காமலே. அவர் கேமரூன்காரர். தகுதிச் சுற்றில் இரண்டு நாடும் ஒரே பிரிவு. முதலிடம் பிடிக்கிறவர்கள்தான் நேராக உலகக் கோப்பைக்குப் போவார்கள்.

2. திங்கட்கிழமை

அடுத்த திங்கட்கிழமை கேப் வெர்டேக்குக் கடைசி ஆட்டம், எஸ்வாட்டினி என்ற நாட்டோடு. ஜெயித்தால் உள்ளே. சறுக்கினால், அதே நேரத்தில் அங்கோலாவோடு ஆடும் கேமரூன் ஜெயித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டமும் அர்மிந்தோவின் டயாலிசிஸும் ஒரே நேரத்தில் வந்தன. வேறு ஷிஃப்டில் நாற்காலி காலியில்லை. அவர் யோசிக்கவேயில்லை, அன்றைக்கு வரமாட்டேன், எங்கள் ஊர்க்காரர்களின் கிளப்பில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் டாக்டர் சென்னைப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், சனி ஞாயிறு டயாலிசிஸ் இல்லாம தண்ணியெல்லாம் உடம்புல சேர்த்து வச்சுக்கிட்டு இருப்பார். மண்டே மட்டும் ஸ்கிப் பண்ண விடாதீங்க, ஹார்ட் தாங்காது. எப்படியாவது பிடிச்சு உட்கார வச்சிடுங்க."

பிடித்து உட்காரவைக்க அவர் என்ன ஆட்டுக்குட்டியா? ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் என்றால் எல்லாவற்றுக்கும் மந்திரம் வைத்திருப்பாள் என்று நினைப்பு. இவருக்கு ஊசி போடுவதே ஒரு பாடு. இமானுவேல் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அந்த இமானுவேலோ, கேமரூன் ஆட்டம் பார்க்க அதே திங்கட்கிழமை லீவு வாங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நேராகவே கேட்டேன். இங்கேயே பெரிய டிவி வைத்துத் தருகிறேன், வருவீர்களா என்று. அர்மிந்தோ தன் இடது கையைப் பார்த்தார்.

"சிஸ்டர், உலகக் கோப்பை நம்ம நியூ ஜெர்சிக்கே வருது. இத்தனை வயசுக்கு அப்புறம் எங்க ஆளுங்க அதுல ஆடப்போறாங்க. கோல் விழுந்தா நான் கையைத் தூக்காம இருப்பேன்னு என்னாலயே சொல்ல முடியாது."

அது உண்மை. அப்போதுதான் இமானுவேல் வாயைத் திறந்தார்.

"லீவை கேன்சல் பண்றேன். அந்தக் கையை நான் பிடிச்சுக்கறேன். எனக்கும் ஒரு நன்மை உண்டு. நீங்க அழறதைப் பக்கத்துல இருந்தே பார்க்கலாம்."

அர்மிந்தோ அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. "அதுக்காகவே வர்றேன்" என்றார்.

3. பிடித்த கை

திங்கட்கிழமை அர்மிந்தோ கேப் வெர்டேயின் நீலச் சட்டை போட்டு வந்தார். இமானுவேல் யூனிஃபார்முக்குள்ளே கேமரூனின் பச்சைப் பனியன். டேப்பை வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக ஒட்டினோம். இமானுவேலின் மற்ற பேஷண்டுகளை நான் பார்த்துக்கொண்டேன். அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முழங்கைக்கு மேலே ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை என்று பிடித்துக்கொண்டார். அவருடைய ஃபோனை மெஷின் மேல் சாய்த்துவைத்தேன். அதில் கேமரூன் ஆட்டம், டிவியில் கேப் வெர்டே.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் வீட்டில் கிரிக்கெட் மட்டும்தான். ஆனால் அன்றைக்கு வேலைக்கு நடுவே நானும் டிவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பாதி ஆட்டம் வரை இரண்டு இடத்திலும் கோலே இல்லை. அர்மிந்தோவால் இருக்க முடியவில்லை. கழற்றிவிடுங்கள், மிச்சத்தைக் கிளப்பில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். பேஷண்ட் கேட்டால் கழற்றித்தான் ஆகவேண்டும், கட்டிவைக்க முடியாது.

இமானுவேல் பிடியை விடவில்லை. "எங்க ஆளுங்களும்தான் கோல் போடலை. நான் ஓடினேனா? உட்காருங்க" என்றார், மெதுவாக. அர்மிந்தோ முனகிக்கொண்டே சாய்ந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் முதல் கோல். அர்மிந்தோவின் உடம்பு முழுக்கத் துள்ளியது. வலது கை மேலே போனது, கால் உதைத்தது, ஒரு செருப்பு பறந்து எதிர் நாற்காலிக்காரர் மடியில் விழுந்தது. இடது கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இமானுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அமுக்கியிருந்தார். அந்த மூச்சு அடங்குவதற்குள் இரண்டாவது கோல். யூனிட்டே சத்தம் போட்டது. எல்லோருக்கும் ஒரு கை மெஷினில் மாட்டியிருக்கிறதே, எப்படிக் கைதட்டுவார்கள்? இருக்கிற ஒரு கையால் நாற்காலிப் பிடியை அடித்தார்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, BP எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை, ஸ்கோர் எவ்வளவு என்றுதான் கேட்டார்.

கடைசி நேரத்தில் மூன்றாவதும் விழுந்தது. ஃபோனில் கேமரூன் கோலே இல்லாமல் முடித்திருந்தது. இமானுவேல் அதை ஒரு தடவை பார்த்தார். கைகளை எடுக்கவில்லை. அர்மிந்தோ தன் வலது கையைக் கொண்டுவந்து அந்தக் கைகள் மேல் வைத்து அழுதார். "இப்ப பார்த்துக்கோ, அழறேன்" என்றார். இமானுவேலுக்கும் கண் கலங்கியிருந்தது. இரண்டாமிடக்காரர்களுக்குப் பிளே ஆஃப் இருக்கிறது, அந்த வழியாக வருவோம் என்று மட்டும் சொன்னார்.

முழு நேரமும் முடித்து ஊசிகளை எடுத்தோம். இமானுவேலே அழுத்தி, கட்டுப் போட்டார். அர்மிந்தோ பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டார்.

"இப்பத் தூக்கலாமா?"

இமானுவேல் ரத்தம் கசிகிறதா என்று இன்னொரு முறை பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தானே பிடித்து, ஜெயித்த குத்துச்சண்டைக்காரன் கையை நடுவர் தூக்குவதுபோல, மேலே தூக்கினார். நாற்காலிப் பிடிகள் மறுபடி அடிபட்டன. எதிர் நாற்காலிக்காரர் செருப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

பேஷண்ட் பேச்சைக் கேட்கவில்லை என்று என்னிடம் வந்து குறை சொல்லும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அவர் எதற்காக ஓடப் பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதை நாற்காலிக்கே கொண்டுவர முடியுமா பாருங்கள். அப்புறம் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் டீம் தோற்றுக்கொண்டிருந்தாலும்.