கடைசி பஸ்ஸும் ஒரு சொல்லும்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கையில் கொடுத்தது ரத்தம் காய்ந்த காக்கிச் சட்டையும் ஒரு விசிலும். என் கணவர் புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கு வரும் கடைசி பஸ்ஸின் கண்டக்டர். எழுபத்தைந்தாம் வருஷம். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை. கடை மூடுவதும் பஸ் புறப்படுவதும் ஒரே நேரம் என்பதால் குடித்தவர்கள் மொத்தமாக ஏறுவார்கள். அன்று இரண்டு பேர் சண்டையை விலக்கப் போனவர் மண்டையில் பாட்டில் விழுந்தது.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் இல்லை.

பேச்சிழப்பு என்றார் டாக்டர் (நாக்கு நன்றாக இருந்தும், மூளையில் அடிபட்டதால் சொல் வராத நிலை). "பழகின சொல் ஏதாவது தானா வரும்மா" என்றார்.

வந்தது. மகள், "நைனா, நான் யாரு?" என்று கேட்டாள்.

"ரைட்" என்றார். பஸ்ஸை எடுக்கச் சொல்லும் அதே குரல். அவள் சிரித்துவிட்டாள், நானும்தான்.

பசிக்கிறதா என்றாலும் ரைட், வலிக்கிறதா என்றாலும் ரைட். வேறு சொல் வரப்போவதில்லை என்று புரிந்த அன்று கொல்லையில் நின்று அழுதேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களே, நீங்களும் அழுதுவிடுங்கள். பிறகு அவர் வாயைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். பசிக்கு ஒரு கண், வலிக்கு ஒரு கண் இருக்கிறது.

மற்ற கண்டக்டர்களோடு அவரையும் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு புதுச்சேரி கலால் அதிகாரியிடம் போனேன். "கடையை எடுக்கச் சொல்லலைங்க. கடைசி பஸ்ஸுக்கு ரொம்ப முன்னாடியே மூடச் சொல்லுங்க. போதை எறங்கி ஏறட்டும்" என்றேன்.

அதிகாரி அவரைப் பார்த்து, "இந்தம்மா சொல்றது நெஜமாய்யா?" என்றார்.

"ரைட்."

எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்பதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை.

இப்போது கடை பொழுதோடு மூடுகிறது. புதுக் கண்டக்டர் வீட்டுக்கு வந்து, "பஸ்ல சத்தமே இல்ல அண்ணி, பாதிப் பேரு தூங்குறான்" என்றார். நல்ல சேதிதான். முன்பே மூடியிருக்கக் கூடாதா?

எனக்கு இப்போது கடிகாரம் அந்த பஸ்தான். அது எங்கள் தெருமுனைக்கு வரும்வரை உடம்பு படுக்காது. அங்கே நின்று ஆள் இறக்கும் சத்தம் கேட்டதும், கட்டிலில் அவருடைய இடது கை மார்பில் விசிலைத் தேடும். "ரைட்" என்பார். பஸ் கிளம்பும். தான் சொல்லித்தான் கிளம்பியது என்று அவர் முகம் தெளியும். நான் விளக்கை அணைத்துவிடுவேன்.