முதுகுக்கு ஓர் ஆள்

போன வாரம் பாடியில் குளியலறைச் சாமான் விற்கும் கடைக்கு ஒரு குழாய் வாங்கப் போனேன். கடைக்காரர் குழாயை விட்டுவிட்டு, முழ நீளக் கைப்பிடி வைத்த ஒரு பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார். "முதுகு தேய்க்கிறதுக்கு சார். இது இருந்தா யார் தயவும் வேணாம்." அதைவிடச் சோகமான பொருள் அந்தக் கடையில் இருந்திருக்காது. வாங்கிவிட்டேன்.

ஏன் சோகம் என்று கேட்பீர்கள். எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. குடியிருந்த அறையில் ஒரு பெஞ்சு போடலாம், அல்லது நான் இருக்கலாம். குளியலறைக்கு வழியே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் ஏரிக்கரை பம்பு ரூம்தான் கதி. ஒரு காலத்தில் வயலுக்கு நீர் இறைத்த கிணறும் மோட்டாரும் அது. வயலெல்லாம் மனைகளானதும் மோட்டாருக்கு வேலை போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தொட்டி கட்டி, சுற்றிலும் சுவர் எழுப்பி, கூரையை மட்டும் மறந்துவிட்டார். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டால் முப்பது பேர் நிற்போம். மிஷின் ஆயில், சிவப்பு சோப்பு, ஏரிப்பாசி என்று மூன்றும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் மெக்கானிக் கடையைத் தாண்டினால் என் கை துண்டைத் தேடும்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவனுக்கும் ஒரு முதுகுக் கூட்டாளி. அவன் முதுகை நான் தேய்க்க வேண்டும், என் முதுகை அவன். ஆள் மாறுவது வழக்கமில்லை. கூட்டாளி இல்லாதவன் மோட்டார் பக்கத்துத் தூணில் எருமை போல உரசிக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை அநாதை முதுகுகள் பட்டதோ, அந்தச் சிமெண்டுத் தூண் கண்ணாடியாக மின்னும்.

என் கூட்டாளி தேவராஜ். பாடிக்காரன், லேத்தில் வேலை. "இன்னா மச்சான், பேப்பர் தூக்குற முதுகுல இன்னா அழுக்கு இருக்கப்போவுது?" என்பான், ஆனாலும் தேய்ப்பான். இடது தோள்பட்டைக்குக் கீழே, என் கை எட்டாத ஓரிடம் அவனுக்குச் சொல்லாமலே தெரியும். மூன்று வருஷம் அப்படிப் போனது.

அப்புறம் ஞானம் வந்தான். நாகர்கோவில்காரன், எங்கள் தொழிற்சாலைக்குப் புதிது, கிரிக்கெட் மட்டை போலக் கை. ஊரிலிருந்து பீர்க்கங்காய் நார் வேறு கொண்டுவந்திருந்தான். ஒருநாள் கணக்கெடுப்பில் மாட்டித் தாமதமாகப் போகிறேன், என் தேவராஜ் அவனுக்கு முதுகைக் காட்டிக் கண்மூடி நிற்கிறான். "ஐயோ, அங்கதான் ஞானம், அங்கதான்! வுட்றாத!" என்னிடம் அவன் ஒருநாளும் 'ஐயோ' என்றதில்லை.

"கோச்சுக்காத மாமே," என்றான் பிறகு. "உன் கை பஞ்சு மாரி கீது."

மறுநாள் நான் தூணுக்குப் போனேன். சில்லென்று இருந்தது. பின்னாளில் பிறர் பதவி உயர்வுக்கும் பக்கத்து வீட்டுக் காருக்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன். எல்லாம் அந்தப் பீர்க்கங்காய் நாருக்குக் கால் தூசி.

தேவராஜை மீட்க ஒரே வழி என்று என் மூளை கண்டுபிடித்தது, குளியலறையோடு ஒரு வீடு. வாடகைக்குப் பிடித்தேன். பச்சை டைல்ஸ், தலைக்கு மேலே ஷவர். பூந்தமல்லி சந்தையில் ஞானத்தினுடையதைவிடப் பெரிய நாராகத் தேடி வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தேவராஜைக் குளிக்க அழைத்தேன். வந்தான். உள்ளே போனான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கையில் நாரோடு வெளியே நிற்கிறேன்.

"ஷோக்கா கீது மச்சான்! மழை மாரி ஊத்துது!"

"முதுகு?" என்றேன் கதவிடம்.

"முதுகா? அதெல்லாம் தண்ணியே பாத்துக்குது, நீ போய் டீ போடு!"

இருவர் நிற்கக் குளியலறையில் இடமில்லை என்பது வாடகை பேசும்போது தோன்றவில்லை. பம்பு ரூமுக்கே திரும்பலாம் என்று மறுநாள் போனால், "ஊட்ல ஷவர் வெச்சிகினு இங்க இன்னா சார் வேலை?" என்று கேட்டதும் தேவராஜ்தான். முப்பது பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது அந்தச் 'சார்'தான்.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள், ஆளாளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. மோட்டார் பழுதாகி நின்ற நாள்வரை தேவராஜும் ஞானமும் பம்பு ரூமில்தான் குளித்தார்களாம். கேட்டு வைத்துக்கொண்டேன்.

போன மாதம் திருமழிசையில் தேவராஜ் மகள் கல்யாணம். முன்வரிசையில் தேவராஜும் ஞானமும் பக்கத்தில் பக்கத்தில், இருவருக்கும் தலை நரைத்திருந்தது. பட்டுச்சட்டைக்குள் தேவராஜ் லேசாகத் தோளைக் குலுக்கினான். ஞானம் மேடையைப் பார்த்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சரியாக ஓரிடத்தில் சொறிந்துவிட்டான். தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஏரிக்கரையில் இறங்கிப் பார்த்தேன். பம்பு ரூம் இருந்த இடத்தில் ஏழு மாடி; மாடிக்கு நான்கு வீடு, வீட்டுக்கு இரண்டு குளியலறை. பிரஷ் வாங்கி ஒரு வாரமாகிறது, அந்த இடது தோள்பட்டை இடத்துக்கு அதுவும் எட்டவில்லை. கட்டிடம் கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தூணை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம்.