நீர்யானையின் இடது முன்கால்

குழந்தைகளுக்கான விலங்குப் புத்தகங்களுக்குப் பதினோரு வருடமாகப் படம் வரைகிறவளுக்குப் பூனை பக்கத்தில் வந்தால் தும்மல் வரும். நாய் குரைத்தால் தெருவின் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவாள். மிருகக்காட்சிசாலைக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். அன்று சிங்கம் இவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, கடைசிவரை திரும்பவே இல்லை. ஆனால் அவள் வரைந்த சிங்கத்தைப் பார்த்துவிட்டு, "நேர்ல பழகின மாதிரி இருக்கும்மா" என்று பதிப்பாசிரியர் ஃபோனில் உருகினார்.

பழகியது உண்மைதான். அந்தச் சிங்கம் அவளுடைய அப்பா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு.

அவள் வேலை செய்யும் முறை அப்படி. உடம்பை அறிவியல் புத்தகத்திலிருந்து எடுப்பாள். எத்தனை விரல், காது எங்கே முளைக்கிறது, வால் எவ்வளவு நீளம் என்று ஸ்கேல் வைத்து அளப்பாள், அதில் மயிரிழை பிசகாது. முகமும் நடையும் மட்டும் சொந்தபந்தத்திலிருந்து. ஜன்னலோரம் அசையாமல் நின்று பேப்பர் போடுகிறவனை எதிர்பார்க்கும் மாமனார் கொக்கானார். கல்யாண வீடுகளில் தோளை விரித்து நடக்கும் சின்ன மாமனார் மயிலானார். ஏதாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மறுநாள் பதில் சொல்லும் கணவன் ஆமை. இது ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

புகுந்த வீட்டில் அவளுக்குப் படக்காரி என்று பெயர். முதலில் லேசான கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு கூரியர்காரர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. வைத்தவர் கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. மாடியில் தனியாக இருக்கிறார். முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கிற குரல்.

மகள் பிறந்த மூன்றாம் மாதம், ஒரு கையில் தூரிகையும் மறு கையில் பால் புட்டியுமாகப் படக்காரி அழுதுகொண்டிருந்தபோது அண்ணி இறங்கி வந்தார். "பிள்ளையைக் குடு. நீ போய் உன் குரங்கைப் பாரு." அன்றிலிருந்து ஐந்து வருடமாகக் குழந்தை அவர் கையில்தான். வாலு என்று பெயர் வைத்து, அதற்கேற்றபடி வளர்த்தும்விட்டார். இந்த ஐந்து வருடத்தில் வந்த ஒன்பது புத்தகங்களும் அண்ணி இல்லாமல் வந்திருக்காது.

ஆனால் அண்ணியை மட்டும் படக்காரி வரைந்ததில்லை. அண்ணிக்கு உடம்பு கொஞ்சம் தாராளம். "கொஞ்சம் நடந்தா நல்லதுக்கா" என்று ஒரு விசேஷ வீட்டில் அக்கறையாகச் சொன்ன தங்கை முறைக்காரியோடு பேச்சு நின்று ஏழு வருடமாகிறது.

அப்படியிருக்க, ஒரு நாள் காலை வாலு சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு பள்ளி வேனில் ஏறிப் போனாள். அண்ணி ஓடினார். வாசலைத் தாண்டியதுமே இடது செருப்பு அறுந்துவிட்டது. உதறிவிட்டு, வெறுங்கால் ரோட்டில் படப் படத் தூக்கித் தூக்கி ஓடி, மூன்றாவது தெருவில் வேனைப் பிடித்தார். தெருமுனைவரை படக்காரி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அந்த வாரம் அவள் மேசையில் இருந்தது நீர்யானை. பார்த்தால் மந்தம், கரையேறி ஓடினால் மனுஷனை முந்தும் என்று அப்போதுதான் படித்திருந்தாள். பென்சில் அவளைக் கேட்கவில்லை.

"ஒன்பதாம் பக்கத்துல அம்மா நீர்யானை இடது முன்காலை ஏன் இப்படித் தூக்கிட்டு ஓடுது? முள்ளு குத்தின மாதிரி இருக்கே. சரி பண்ணிடுங்க" என்றார் பதிப்பாசிரியர்.

எறும்புக்குக்கூட காலை எண்ணிப் போடுகிறவள் முதல் தடவையாக மறுத்தாள். "அது அப்படித்தான் ஓடும் மேடம்."

புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. வாலுவுக்கு யார் படித்துக் காட்டினாலும் ஆகாது, அத்தைதான் வேண்டும். அத்தை கண்ணில் இது பட்டால்? நாளைக் காலை மாடிப்படி இறங்க ஆள் இருக்காது. வேலை போனாலும் போகட்டும், அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை. பிரதிகளைப் பழைய திரைச்சீலையில் சுற்றி இஸ்திரி மேசைக்கு அடியில் தள்ளினாள். கணவனிடம் விஷயத்தைச் சொல்லி எச்சரித்தாள். "ம்" என்று தலையை இழுத்துக்கொண்டான்.

வாலு ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் மதியம், படம் வரையும் அறையின் கதவு வழியாக அண்ணியின் குரல் கேட்டது. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு வாலு கத்தினாள்.

"அத்தே! இது நீ!"

"எது நானு?"

"இதோ, ஓடுதுல்ல!"

படக்காரி தூரிகை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றாள். அண்ணி கண்ணாடியை இறக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தை மூடினார். "வாலு, அம்மாகிட்ட இரு" என்று எழுந்து, புத்தகத்தோடு மாடிக்குப் போனார். பதினேழு படி. பதினேழும் கேட்டது.

சாயங்காலம் கணவன் வந்ததும், அண்ணி புத்தகத்தைப் பார்த்துவிட்டதைச் சொன்னாள். "அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க. அதான் பயமா இருக்கு."

"பேசாம ஒரு மயிலைப் போட்டிருக்கலாம்ல?"

"மயில் உங்க சித்தப்பா."

அதைக் காதில் வாங்கிக்கொண்டான். உள்ளே போய்ச் சேர நேரமாகும். அதற்குள் மாடிப்படியில் சத்தம்.

அண்ணி ஒரு கட்டுப் புத்தகங்களோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டு, முத்திரை குத்துவதுபோல உள்ளங்கையால் தட்டினார். "கொக்கு, எங்க அப்பா. சிங்கம், உங்க அப்பா. மயில், சித்தப்பா. ஊர்ல இருக்கிற எல்லாரும் இருக்காங்க. உன் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒவ்வொரு புத்தகத்தையும் நான் தேடுவேன். ஓரத்துல ஒரு எலியாவாவது என்னைப் போட்டிருக்க மாட்டாளான்னு."

"அண்ணி, நீங்க தப்பா எடுத்துப்பீங்கன்னு…"

"தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன். மேல போய் அரைமணி நேரம் நல்லாவே எடுத்துக்கிட்டேன். அப்புறம் இந்தக் காலைப் பார்த்தேன்." ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். "செருப்பு அறுந்த கால்தானே?"

"ஆமா அண்ணி."

"ரோட்டுக் கல்லு அப்படிக் குத்துச்சு." குரல் முதல் தடவையாக வரிசையின் முதல் ஆளுக்கு மட்டும் கேட்டது. "யாரும் பார்க்கலைன்னு நெனச்சேன்."

படக்காரிக்குத் தும்மல் வருவதுபோல மூக்கு உறுத்தியது. வீட்டில் பூனை இல்லை.

"ஆனா ஒண்ணு. என் வயிறு இவ்வளவு இல்லை."

"அது அறிவியல் புத்தகத்துல இருக்கிற அளவு அண்ணி."

அண்ணி படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். "அப்ப சரி. வயிறு நீர்யானையோடது. காலு என்னோடது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாடி வாலு, எங்க விட்டோம்?"

விரல் எச்சிலைத் தொட்டது. புதுப் புத்தகத்தின் மூலையில் ஈரம் பதிவதைப் படக்காரி பார்த்தாள், பொறுத்துக்கொண்டாள். மேசையின் மறுமுனையில் கணவன் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான்.

"அப்போ இந்த ஆமை…"

"யோசிப்பா, யோசி" என்றார் அண்ணி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்குள்ள புரிஞ்சிரும்."