ரோபோவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

சந்தனம், மெசின் எண்ணெய், ஆவி பறக்கும் அயன் பொக்ஸ்... மூன்றும் கலந்த ஒரு மணம். ஆயுத பூசைக்கு மறுநாள் கிளிநொச்சியில் எங்கள் கார்மென்ட்ஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

ஒரு வருடம், காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைக்கிற ரோபோ எங்கள் தையல் லைனுக்கு வந்தது. துணியை வைத்தால் போதும். சென்சர் விளிம்பைப் பார்க்கும், கை வந்து எடுக்கும், ஸ்ஸ்... என்று காற்றடிக்கும், பொக்கற் தைத்து முடிந்திருக்கும்.

அதுவரை பொக்கற் தைத்தவர் ரஞ்சி அக்கா. ஒட்டுசுட்டானில் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே போர்டிங்கில் இருந்தவர். அவரைத் தூக்கி நூல் வெட்டுகிற மேசையில் போட்டார்கள். ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற கதை வேறு...

"உந்தச் சனியன் பழுதாப் போனாத்தான் எனக்கு நிம்மதி" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அந்த வருடப் பூசைக்கு மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் ரோபோவின் கை பாதியில் நின்றது. சிவப்பு லைட். மெக்கானிக் வயரைப் பார்த்தார், காற்றுக் குழாயைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. மனேஜர் வந்துவிட்டார். ஒவ்வொருவர் பார்வையாக நூல் வெட்டுகிற மேசைப் பக்கம் போனது...

எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. கடைசியில் ரஞ்சி அக்காவிடம் போனேன்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"ஒண்டும் செய்யேல்லையடி. பொட்டு மட்டும்தான் வச்சனான்."

"எங்கை?"

"முன்னுக்கு ஒரு சின்னக் கண்ணாடி இருக்கெல்லோ... நெத்தி மாதிரி. அதிலை."

ஐயோ! அதுதான் சென்சர். எல்லா மெசினிலும் பொட்டு இருந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை.

நான் வாயைத் திறக்கமுன் அவரே மனேஜரிடம் போய் நின்றார்.

"சேர், நான்தான் வச்சனான்."

மனேஜருக்குத் தமிழ் அரைகுறை. "உங்கட வேலையை எடுத்த மெசின். அதுக்கு ஏன் பொட்டு?"

"எங்கட லைனிலை நிக்குதெல்லோ சேர்... எல்லாத்துக்கும் வச்சுப்போட்டு அதை மட்டும் எப்பிடி விடுறது?"

மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்தார். ரோபோவின் கை அசைந்தது. இனி இதற்குத் துணி வைப்பது நீங்கள்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மனேஜர் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அக்கா கனகாலம் நிற்கவில்லை. "துணியை வச்சுப்போட்டு வாய் பாத்துக்கொண்டு நிக்கிறது ஒரு வேலையோ? கை சும்மா இருக்குதில்லையடி" என்று தானாகவே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த இடத்தில் நான். லைனில் இன்னும் ரோபோக்கள் வந்துவிட்டன. அக்காமார் இருந்த கதிரைகள் ஸ்டோரில். கதைக்க ஆளில்லாமல், ஒவ்வொன்றுக்கும் துணி வைத்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்...

அன்றைக்கு மெசின் நின்றபோது லைன் முழுக்கப் பதறியது.

இன்றைக்கு நின்றால், பதற நான் ஒருத்திதான் இருக்கிறேன்.